ஆண்டு நிறைவுக் கடிதம்: ஹனாமி ஒன்றுகூடல் குறித்து

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். டோக்கியோவில் நம் வார இறுதித் தமிழ்ப் பள்ளியின் இந்தக் கல்வியாண்டு இனிதே நிறைவடைந்தது. தேர்வுகள் நல்லபடியாக முடிந்தன. ஆண்டு விழாவும் திருக்குறள் ஒப்புவித்தல் போட்டியும் சிறப்பாக நடந்தன. பரிசு பெற்ற அனைவருக்கும் பாராட்டுகள்.

சென்ற ஞாயிறன்று ஆற்றங்கரைப் பூங்காவில் நடந்த ஹனாமி, அதாவது செர்ரிப் பூக்களைக் கண்டு ரசிக்கும் ஒன்றுகூடலைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டியுள்ளது. இதழ்கள் கொட்டுவதைப் படம் எடுப்பதற்காகச் சில பிள்ளைகள் கிளைகளைப் பிடித்து உலுக்கினார்கள், பெரியவர்கள் தடுக்கவில்லை. சடையில் சூட்டுவதற்காக ஒரு கொத்து ஒடிக்கப்பட்டதையும் கண்டேன். பக்கத்தில் நீல விரிப்பில் அமர்ந்திருந்த ஜப்பானிய முதியவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. பேச்சை நிறுத்திவிட்டு ஒடிந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பூவைக் கண்டால் தலையில் வைக்கத் தோன்றுவது நமக்கு இயல்பு. ஆனால் செர்ரி மரம் வெட்டுக்காயத்தை எளிதில் ஆற்றிக்கொள்வதில்லை. காயத்தின் வழியே பூஞ்சை புகுந்து கிளை உளுத்துவிடும். செர்ரியை வெட்டுபவன் முட்டாள் என்று இங்கே பழமொழியே உண்டு.

"இதில் வாசனையே இல்லையே" என்று ஒரு தாயார் கேட்டார். நியாயமான கேள்விதான். நாம் பார்த்த சோமெய் யோஷினோ என்ற செர்ரி வகையின் மணம் மிக மெல்லியது. எடோ காலத்தின் (1603–1868) பிற்பகுதியில், டோக்கியோவின் இன்றைய கோமகோமே பகுதி அருகே இருந்த சோமெய் கிராமத்துத் தோட்டக்காரர்கள் பரப்பிய இந்த வகை ஒட்டுக்கட்டியே பெருக்கப்படுவதால், ஒரு வட்டாரத்து மரங்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே நேரத்தில் மலர்ந்து, ஒன்றிரண்டு வாரத்துக்குள் உதிர்ந்துவிடுகின்றன. ஜப்பானியர் செர்ரியின் மணம் என்று நினைப்பது பெரும்பாலும் இலையின் மணத்தையே. ஒஷிமா செர்ரியின் இலையை உப்பில் ஊறவைக்கும்போதுதான் கூமரின் என்ற மணப்பொருள் உருவாகி, அந்த இலையில் சுற்றித் தரும் சகுராமோச்சி என்ற அரிசி இனிப்புக்கு அந்த இனிய வாசனை வருகிறது. திருமணங்களில் உப்பிட்ட பூவை வெந்நீரில் மிதக்கவிட்டுத் தருவதும் உண்டு.

18ஆம் நூற்றாண்டில் ஜப்பானை ஆண்ட ஷோகன் (படைத்தலைவர்) யோஷிமுனே, டோக்கியோவில் உள்ள அசுகயாமா குன்றில் செர்ரி மரங்களை நட்டு, பொதுமக்களும் கூடிக் களிக்க வழிசெய்தார். அன்றுமுதல் அங்கே கூடுபவர்கள் மலர்வதை மட்டுமன்றி, காற்று வரும்வரை காத்திருந்து, உதிர்வதையும் சேர்த்தே ரசிக்கிறார்கள். உலுக்கிக் கொட்டவைப்பது அந்தக் காத்திருப்பையே இல்லாமல் செய்துவிடுகிறது.

ஆகவே வெளிப்படையாகவே எழுதுகிறேன்: பொதுப் பூங்காவில் கிளையை ஒடிப்பது விதிமீறல். இது மீண்டும் நடந்தால், அடுத்த ஆண்டு பள்ளியின் சார்பில் ஹனாமி நடைபெறாது.

பூ வேண்டுமென்று அடம்பிடிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வழி இருக்கிறது. சிட்டுக்குருவிகள் தேனுக்காக அடிப்பகுதியைக் கடித்து, காம்பை விட்டுப் பூவை முழுதாகக் கீழே போடும். அவற்றைப் பொறுக்கிக்கொள்ளலாம், யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள்.

மாலையில் கடைசிவரை இருந்து குப்பையைத் தரம் பிரித்து எடுத்துச் சென்ற பெற்றோருக்கும், அன்று புளியோதரை சமைத்துக் கொண்டுவந்தவர்களுக்கும் என் மனமார்ந்த நன்றி. புதிய வகுப்புகள் ஏப்ரல் இரண்டாவது ஞாயிறு தொடங்கும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்