ப்ளூஸ் கேட்கப் புதிதாக வருபவர்களுக்காக

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்க இசை வகைகளைப் பற்றி வெளியான நீண்ட கட்டுரையில் கறுப்பின மக்களிடையே பிறந்த ப்ளூஸ் இசைக்கு ஒரே ஒரு பத்தி ஒதுக்கப்பட்டிருந்தது. அந்தப் பத்தியும், மூன்றே கார்டுகள் (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டுகள்), ஒரே மெட்டு, ஓயாத சோகம் என்ற அளவில் முடிந்துவிட்டது. கட்டுரையாளரைக் குறை கூறுவது என் நோக்கமன்று. ஓராண்டுக்கு முன்பு கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். ஆனால் இந்த ஓராண்டாகக் கிதார் வழி ப்ளூஸைத் தொடர்ந்து கேட்டுவருபவன் என்ற முறையில், புதிதாகக் கேட்க நினைக்கும் வாசகர் யாரும் அந்தப் பத்தியைப் படித்துவிட்டு வாசலோடு திரும்பிவிடக் கூடாதே என்ற அக்கறையில் இதை எழுதுகிறேன்.

என் தங்கை மகன் கிதார் பழகுகிறான். சென்ற ஆண்டு ஒரு நாள் மாலை, எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஒரே சங்கதியைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு முறையும் குறிப்பிட்ட ஓரிடத்தில் மோதிர விரலால் தந்தியை அழுத்தி, அழுத்தியபடியே மேல்நோக்கித் தள்ளினான். நடுவிரலும் ஆள்காட்டி விரலும் பின்னால் நின்று முட்டுக்கொடுத்தன. ஸ்வரம் ஏறியது, ஆனால் சேர வேண்டிய இடத்தைச் சேராமல் பாதி வழியில் நின்று நடுங்கியது. சிறு வயது முதல் கச்சேரி கேட்டுப் பழகிய காது எனக்கு. "சுருதி சேரவில்லையே" என்றேன். "அது அங்கேதான் நிற்க வேண்டும், மாமா" என்றான். அவன் சொன்னது விளங்க எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. அந்த ஸ்வரம் அடுத்தடுத்த ஸ்வர இடங்களான சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் இடையில் வாழ்கிறது; 'ப்ளூ நோட்' என்றே அதற்குப் பெயர். பியானோவில் அந்த இடத்துக்கென்று கட்டை கிடையாது. தந்தியைத் தள்ள முடிகிற கிதாரில் அது விரல் நுனியில் இருக்கிறது.

மூன்றே கார்டுகள் என்பது பெரும்பாலும் உண்மைதான். சட்ஜமத்தை அடியாகக் கொண்ட கார்டில் தொடங்கி, மத்யமத்துக்குப் போய்த் திரும்பி, பஞ்சமத்தைத் தொட்டு இறங்கி மறுபடியும் சட்ஜமத்தில் அமர 12 பார்கள், அதாவது தாள அளவுகள். பாடுபவர் முதல் நான்கு பார்களில் ஓர் அடியைப் பாடுவார். அடுத்த நான்கில் அதே அடியைத் திரும்பப் பாடுவார். கடைசி நான்கில் வேறோர் அடியால் அதை முடித்துவைப்பார். ஈற்றடி முச்சீரில்தான் முடியும் என்று தெரிந்துகொண்டேதான் நாம் ஒவ்வொரு வெண்பாவையும் படிக்கிறோம். அதற்காக எல்லா வெண்பாவும் ஒன்றுதான் என்று யாரும் சொல்வதில்லை. இங்கே கவனிக்க வேண்டியது, பாடும் அடி நான்கு பார்களையும் நிரப்புவதில்லை என்பது. ஏறத்தாழப் பாதியில் குரல் ஓய்ந்துவிடும்; மிச்ச இடத்தில் கிதார் பதில் சொல்லும். அதே அடி இரண்டாம் முறை வரும்போது அந்தப் பதில் மாறியிருக்கும். அந்த மாற்றம் என் காதில் விழுந்த அன்றுதான் ப்ளூஸ் எனக்குப் பிடிபட்டது.

இதைக் கேட்டுப் பழக, ப்ளூஸ் பாடகரும் கிதார் கலைஞருமான பி.பி. கிங் 1964 நவம்பரில் சிகாகோவின் ரீகல் அரங்கில் நிகழ்த்திய கச்சேரியின் பதிவைவிடச் சிறந்த தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. அவர் பாடும்போது கிதார் பேசாது. கிதார் பேசும்போது அவர் பாடமாட்டார். வேகம் காட்டுவதில்லை. ஒரே ஸ்வரத்தைப் பிடித்து, மணிக்கட்டை உதறி அதை அதிரவைக்கிறார், அரங்கம் ஆர்ப்பரிக்கிறது. அவருடைய தாய்வழி உறவினரான புக்கா ஒயிட், விரலில் மாட்டும் குழாயான ஸ்லைடைத் தந்திகளின் மேல் வழுக்கி வாசிப்பவர். அந்த ஒலி தன் கைக்கு வராததால், அதை விரலாலேயே கொண்டுவர முயன்றதில் பிறந்ததுதான் இந்த அதிர்வு என்று கிங் சொல்லியிருக்கிறார்.

அந்த ஸ்லைடைத் தேடித்தான் நான் அமெரிக்கத் தெற்கின் மிசிசிப்பி டெல்டாவுக்குப் பின்னோக்கிப் போனேன். அடிமைமுறை 1865-இல் சட்டப்படி ஒழிந்த பிறகும், பருத்தி வயல்களில் விளைச்சலைப் பங்கிடும் வாரக் குத்தகையிலும் தீராக் கடனிலும் கட்டுண்டு கிடந்த கறுப்பின மக்களின் இசை அது. உடைத்த பாட்டில் கழுத்தை விரலில் மாட்டித் தந்திமேல் வழுக்கும்போது எழும் ஒலி, கோட்டுவாத்தியம் கேட்டவர்களுக்கு அந்நியமாக இருக்காது. அந்த டெல்டாவின் கிதார் கலைஞர் ராபர்ட் ஜான்சன் 1936-லும் 1937-லும் டெக்சஸில் பதிவுசெய்தவை 29 பாடல்கள். 27 வயதில் இறந்துவிட்டார். கட்டை விரல் கீழ்த்தந்திகளில் நடைபோட, மற்ற விரல்கள் மேலே பாடுவதைக் கேட்டால், இருவர் வாசிப்பதாகவே தோன்றும். நாற்சந்தியில் சாத்தானிடம் ஆன்மாவை விற்று இந்தத் திறமையைப் பெற்றார் என்ற கதையை அவரைப் பற்றி எழுதுபவர்கள் விடாமல் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஐக் ஜிம்மர்மன் என்ற மூத்த கலைஞரிடம் அவர் பாடுபட்டுப் பழகியதை அந்தக் கதை மறைத்துவிடுகிறது.

ப்ளூஸ் மின்கிதாருக்கு வந்ததும் வாழ்க்கைத் தேவையால்தான். மிசிசிப்பியின் ஸ்டோவல் பண்ணையில் வேலை செய்துகொண்டிருந்த ப்ளூஸ் கலைஞர் மடி வாட்டர்ஸை 1941-இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்காக நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் பதிவுசெய்தார். 1943-இல் வாட்டர்ஸ் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தார். அந்நகர மதுக்கூடங்களின் இரைச்சலில் மரக்கிதார் எடுபடவில்லை, ஆம்ப்ளிஃபயர் வேண்டியிருந்தது. பிற்காலத்து ராக் இசை பெரிதும் அந்த ஒலியிலிருந்து கிளைத்தது.

ஓயாத சோகம் என்பதை மட்டும் என்னால் ஏற்கவே முடியவில்லை. மிசிசிப்பி ஜான் ஹர்ட்டைக் கேளுங்கள். 1928-இல் சில பாடல்களைப் பதிவுசெய்துவிட்டுத் தம் கிராமத்துக்குத் திரும்பி வயல்வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். ஒரு பாட்டில் தம் ஊர் அவலான் என்று பாடியிருந்ததை வைத்தே 1963-இல் அவரைத் தேடிப்பிடித்தார்கள். தாத்தா திண்ணையில் உட்கார்ந்து பேரனுக்குக் கதை சொல்வது போன்ற குரல். அதில் எங்கும் அழுகை இல்லை. மறுபுறம், 1927-இல் பார்வையற்ற கலைஞர் பிளைண்ட் வில்லி ஜான்சன் சொற்களே இல்லாமல் முனகியபடி ஸ்லைடில் வாசித்த பதிவு ஒன்று உண்டு. அது பக்தி இசை வகையைச் சேர்ந்தது என்றாலும் கிதார் பேசும் மொழி இதுதான். 1977-இல் வாயேஜர் விண்கலங்களில் அனுப்பப்பட்ட தங்க இசைத்தட்டில் இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்க்கரின் பைரவியோடு அதுவும் பயணம் செய்கிறது.

எனவே, இந்த இசைக்கென்று தனியாக ஒரு கட்டுரையையாவது தங்கள் இதழ் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கலைஞர்களின் பெயர்களோடு, எந்தப் பதிவை எந்த வரிசையில் கேட்கலாம் என்பதையும் ஆண்டுடன் அச்சிட்டால், துணைக்கு ஒரு தங்கை மகன் இல்லாத வாசகர்களும் தேடிக் கேட்க முடியும்.

அன்புடன்,
நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்.