ஆக்டோபஸ் வாங்குமுன் அதன் நாள்களை எண்ணுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் ஆக்டோபஸ் வளர்ப்பது பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். ஆக்டோபஸின் அறிவுக்கூர்மையை விவரிக்கும் பகுதி அருமையாக இருந்தது. ஆனால் தொட்டிக்கும் கருவிகளுக்கும் ஆகும் செலவை ரூபாய்க் கணக்கில் அடுக்கிய கட்டுரை, அந்த உயிரின் ஆயுள் எவ்வளவு என்பதை ஓரிடத்திலும் சொல்லவில்லை. தூத்துக்குடியில் பதினொரு ஆண்டுகளாகக் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவள் நான். ஒரே ஒரு முறை ஆக்டோபஸ் வளர்த்து, அதன் முடிவையும் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அதனால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் கடற்கரையில் ஆக்டோபஸைச் சாக்குக் கணவாய் என்றும் பேய்க்கணவாய் என்றும் சொல்வார்கள். வலையில் உயிரோடு சிக்கிய, உள்ளங்கையளவு கணவாய் ஒன்றைப் பழக்கமான மீனவர் ஒருவர் வாளியில் கொண்டுவந்து கொடுத்தார். ஓராண்டுக்கு மேலாக ஓடிக்கொண்டிருந்த 300 லிட்டர் தொட்டி என்னிடம் இருந்ததால்தான் அதை வாங்கிக்கொண்டேன். மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டு, வாய் குறுகிய மண்கலயம் ஒன்றை மணலில் சாய்த்து வைத்தேன். ஜப்பானில் கலயங்களைக் கயிற்றில் கோத்துக் கடலில் இறக்கியே கணவாய் பிடிக்கிறார்கள். இருட்டான சிறு பொந்து கிடைத்தால் அது தானே வந்து குடியேறிவிடும். என் வீட்டுக் கணவாயும் அன்று மாலையே உள்ளே புகுந்து, சிப்பி ஓடுகளை இழுத்து வாசலை அடைத்துக்கொண்டது. பவளக்கல் வைத்தால் இயற்கையாக இருக்கும் என்று கட்டுரை கூறுவது தவறான வழிகாட்டல். கல் பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு துண்டை எடுத்து வருவதும் குற்றமே.

தண்ணீரில் கையை இறக்கினால் அருகே வருகிறது என்பதை வைத்து ஆக்டோபஸை மூடப் பிராணி என்று அரிஸ்டாட்டில் எழுதினார். மூன்றாவது வாரத்தில் அது என் விரல்களை ஒவ்வொன்றாகப் பற்றிப் பார்த்தபோது அந்த வரிதான் நினைவுக்கு வந்தது. அதன் உறிஞ்சிகள் தொடும்போதே சுவையும் அறிபவை. ஏறத்தாழ 50 கோடி நரம்பணுக்களில் மூன்றில் இரண்டு பங்கு கைகளில்தான் இருக்கின்றன. ஆகவே அது என் கையைத் தொட்டபோது ஆராய்ந்துகொண்டிருந்தது என்றே நான் கருதுகிறேன். (சோப்பு வாசமுள்ள கையை உள்ளே விடக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.) என்னைக் கண்டால் கலயத்தை விட்டு வெளியே வரும்; தூரிகையால் கண்ணாடியைத் தேய்க்க வரும் என் தம்பியைக் கண்டால் நிறம் கறுத்து, அவன்மீது நீரைப் பீய்ச்சும். இதை எல்லோரும் நம்ப மறுத்தார்கள். அமெரிக்காவின் சியாட்டில் மீன் காட்சியகத்தில் இரண்டு வாரம் ஒருவர் உணவூட்ட, இன்னொருவர் முள் தூரிகையால் சீண்ட, ஒரே சீருடை அணிந்திருந்தும் ஆக்டோபஸ்கள் இருவரையும் பிரித்தறிந்தன என்று 2010இல் ஆய்வறிக்கை வெளிவந்திருப்பதைக் காட்டிய பிறகே ஒப்புக்கொண்டார்கள்.

இரவில் அது உறங்கும்போது வெளிறிய தோலில் திடீரென்று கருமை படர்ந்து மறைவதைப் பல முறை பார்த்தேன். அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில் டேவிட் ஷீல் என்ற பேராசிரியர் தம் வீட்டுக் கூடத்தில் வளர்த்த ஹைடி என்ற ஆக்டோபஸ் இவ்வாறு உறக்கத்தில் நிறம் மாறியதை 2019இல் தொலைக்காட்சியில் உலகமே பார்த்தது. அது கனவுதானா என்பதை அறிவியலாளர்கள் தீர்மானிக்கட்டும். வீட்டில் வளர்ப்பவர் செய்யக்கூடியது, நேரத்தையும் நிறத்தையும் தவறாமல் குறித்து வைப்பது. என் குறிப்பேட்டில் 130 நாள்கள் இருக்கின்றன.

இனி, கட்டுரை விட்டுவிட்டவற்றுக்கு வருகிறேன். மீன்களின் வெண்புள்ளி நோய்க்குக் கடைகளில் தரப்படும் மருந்துகளில் பல செம்பு கலந்தவை. அந்தச் செம்பு கல்லிலும் மணலிலும் ஊறி நின்று, பல மாதம் கழித்தும் நீரில் கசியும். ஆக்டோபஸின் குருதி நீலமாக இருப்பதே உயிர்வளியை (ஆக்சிஜனை)ச் சுமக்கும் செம்பினால்தான். ஆனாலும் நீரில் கரைந்த செம்பு அதற்குக் கொடிய நஞ்சு. எனவே பழைய மீன் தொட்டியை அப்படியே பயன்படுத்தலாம் என்ற யோசனையைத் தயவுசெய்து திரும்பப் பெறுங்கள். அந்த நீலக் குருதி உயிர்வளியைச் சுமப்பதில் நம் குருதியளவு திறனுடையதன்று. வெதுவெதுப்பான நீரிலோ கரைந்திருக்கும் உயிர்வளியே குறைவு. நம் ஊர் மே மாதத்தில் குளிரூட்டியும், மின்தடைக்கு மின்கலத்தில் ஓடும் காற்றுப் பம்பும் இல்லாமல் இதில் இறங்கவே கூடாது. மூடியைப் பற்றியும் ஒரு சொல்: அதன் உடலில் கடினமானது அலகு ஒன்றுதான், அலகு நுழையும் சந்தில் முழு உடலும் நுழைந்துவிடும். 2016இல் நியூசிலாந்தின் நேப்பியர் காட்சியகத்திலிருந்து இங்கி என்ற ஆக்டோபஸ் வடிகால் குழாய் வழியாகக் கடலுக்கே போய்விட்டது. நம் வீட்டுத் தரையில் இறங்கும் ஆக்டோபஸுக்குக் கடல் கிடைக்காது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஆயுள். வீட்டில் வளர்க்கக்கூடிய அளவிலுள்ள ஆக்டோபஸ்கள் பெரும்பாலும் ஓராண்டு முதல் இரண்டாண்டு வரையே வாழ்கின்றன. வலையில் கிடைத்தது என்றால், அந்த ஆயுளில் பெரும்பகுதி கடலிலேயே கழிந்திருக்கும். என் கணவாய் நான்காவது மாதத் தொடக்கத்தில் நண்டைத் தொடாமல் விட்டது. நோய் என்று பயந்து நீரை மாற்றினேன். மறுநாள் கலயத்தின் உட்கூரையில் நொய்யரிசிச் சரங்களைப் போல முட்டைகள் தொங்கின. இங்கே ஆண் துணை இல்லாதபோதும், கடலில் பெற்ற விந்தைப் பல வாரங்கள் சேமித்து வைக்கப் பெண்ணால் முடியும். அது இரவும் பகலும் முட்டைகளைக் கைகளால் துடைத்து, நீரை ஊதி, எதையும் உண்ணாமல் மெலிந்தது. குஞ்சுகள் பொரிந்து நீரில் மிதந்த இரண்டாம் நாள் இறந்தது. குஞ்சுகளில் ஒன்றைக்கூட என்னால் காப்பாற்ற இயலவில்லை. அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் ஒரு குடும்பம் ஐம்பது குஞ்சுகளைப் பெற்ற செய்தியைக் கட்டுரை எடுத்துக்காட்டுகிறது; ஆனால் அது பெரிய முட்டையிடும் கலிபோர்னிய இனம், அதன் குஞ்சுகள் பிறந்தவுடனே தரையில் ஊர்ந்து இரை தேடுபவை. என்னிடம் இருந்த இனத்தின் குஞ்சுகளோ மிதவை உயிர்கள்.

இந்த மரணம் வளர்ப்பவரின் பிழையால் மட்டும் வருவதன்று. கண்களுக்கு இடையே உள்ள சுரப்பிகளை அகற்றியபோது முட்டையிட்ட பெண் ஆக்டோபஸ் அடைகாப்பதை விட்டு மீண்டும் உண்ணத் தொடங்கி, நெடுநாள் வாழ்ந்ததை 1977இல் ஜெரோம் வோடின்ஸ்கி என்ற ஆய்வாளர் காட்டினார். முடிவு அதன் உடலுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. இதை முன்பே படித்திருந்தால், அந்தக் கடைசி வாரங்களில் விதவிதமான இரையை அதன் முன் ஆட்டித் தொல்லை கொடுத்திருக்க மாட்டேன்.

அடுத்த இதழில் செம்பு, ஆயுள், பவளச் சட்டம் ஆகிய மூன்றையும் பற்றி ஒரு பத்தியாவது திருத்தமாக வெளியிட வேண்டுகிறேன். உடலில் நீல வளையங்கள் கொண்ட சிறு ஆக்டோபஸின் கடிக்கு மாற்று மருந்தே இல்லை என்பதையும் அதில் சேர்க்க வேண்டும். கட்டுரை வெளியான வாரத்திலேயே எங்கள் தெருவைச் சேர்ந்த பிளஸ் டூ மாணவன் ஒருவன் ஆக்டோபஸ் எங்கே கிடைக்கும் என்று கேட்டு வந்தான். அவனிடம் இருப்பது 60 லிட்டர் தொட்டி. தண்ணீர் ஊற்றி ஒரு மாதம்தான் ஆகிறது. ஆறு மாதம் நண்டு வளர்த்து, கழிவால் நீரில் சேரும் அம்மோனியா அளவைத் தினமும் எழுதிக் காட்டச் சொல்லியிருக்கிறேன். அந்தக் குறிப்பின் முதல் பக்கத்தை நேற்று கொண்டுவந்தான்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
தூத்துக்குடி.