பால் கணக்குக்குப் பக்கத்தில் எழுதியது

அன்பு மகளுக்கு,

நாங்கள் நலம். அப்பாவின் கண் கட்டை அவிழ்த்துவிட்டார்கள். நீ அனுப்பிய பணத்தில் மிச்சமே இருக்கிறது. முருங்கை மரம் போன வாரக் காற்றில் சாய்ந்துவிட்டது. வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் பேசியிருக்கிறோம். மற்றவற்றைப் பிறகு எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பேசும்போது முடியை ஒதுக்கக் கையை உயர்த்தினாய். பாட்டியின் வளையல் முழங்கை வரைக்கும் இறங்கியது. அதைக் கழற்ற முடியாமல் சென்ற தீபாவளிக்கு முந்தைய தீபாவளியன்று சோப்பு நுரை தடவி இழுத்தோமே, அதே வளையல். "சாப்பிட்டாயா?" என்றேன். "ஆயிற்று" என்று சொல்லிவிட்டு அப்பாவின் கண்ணைப் பற்றிக் கேட்டாய். திரும்பக் கேட்டால் அடுத்த ஞாயிறு பேசாமலே இருந்துவிடுவாயோ என்று அஞ்சி விட்டுவிட்டேன். ஆகவே, 31 ஆண்டுகள் அறிவியல் பாடம் நடத்தியவளுக்குத் தெரிந்த வழியில், ஒரு பழைய சோதனையைப் பற்றி எழுதுகிறேன். பொறுமையாகப் படி. காலையில் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் படி.

1944 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்னும் உடலியல் அறிஞர் 36 இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டார். ஆயுதம் ஏந்த மனச்சாட்சி இடம் தராததால், போருக்குப் போகாமல் வேறு வகையில் தொண்டு செய்ய முன்வந்தவர்கள் அவர்கள். போரினால் பட்டினியில் கிடந்த ஐரோப்பிய மக்களை எந்த உணவு கொடுத்து மீட்பது என்று அறிவதே நோக்கம். முதல் 12 வாரங்கள் இயல்பான சாப்பாடு. அடுத்த 24 வாரங்களுக்கு ஏறக்குறைய அதில் பாதி. உருளைக்கிழங்கு, டர்னிப், ரொட்டி, மக்ரோனி என்று ஐரோப்பாவில் அன்று கிடைத்த உணவு. வாரத்துக்கு 22 மைல் நடக்கவும் வேண்டும். எடையில் கால் பங்கு குறையும்படி கணக்கிட்டிருந்தார்கள். முழுப் பட்டினி இல்லை என்பதைக் கவனி. தினமும் இரண்டு வேளை சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

உடம்பு மெலிந்ததும், நாடித்துடிப்பு குறைந்ததும், கோடையிலும் அவர்களுக்குக் குளிரெடுத்ததும் வியப்பில்லை. மனத்துக்கு நேர்ந்ததுதான் என்னை உறங்கவிடவில்லை. சிரிப்பும் பேச்சுமாக வந்தவர்கள் நண்பர்களிடமிருந்து ஒதுங்கினார்கள். சின்னச் சின்னச் சொல்லுக்கும் எரிந்து விழுந்தார்கள். காப்பியையும் சூயிங்கத்தையும் அளவில்லாமல் நாடினார்கள். சமையல் புத்தகங்களை மணிக்கணக்கில் படித்து, செய்முறைகளைச் சேகரித்தார்கள். இரவு ஒரு மணிக்கு எனக்குச் சமையல் காணொளிகள் அனுப்புகிறாயே, போன வாரம் மட்டும் 17 வந்தன; எண்ணிப் பார்த்தேன். இன்னொன்றும் உண்டு: அந்த இளைஞர்கள் தங்களை மெலிந்தவர்களாகவே கருதவில்லை. மற்றவர்கள்தாம் அளவுக்கு மீறிப் பருத்திருப்பதாக அவர்களுக்குத் தோன்றியது. வளைகாப்புப் படத்தைப் பார்த்து நீ அண்ணியைப் பற்றிச் சொன்ன சொல்லை நான் அவளிடம் சொல்லவில்லை. நீ அப்படிப் பேசுகிற பெண் அல்லள்.

ஊரார் பழிச்சொல்லுக்கு அஞ்சாமல் கொள்கைக்காக நின்றவர்கள் அவர்கள். மன உறுதி இல்லாதவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. அவர்களையே பசி அப்படி மாற்றியது. சாப்பாட்டைத் திரும்பக் கொடுத்ததும் உடனே தேறிவிடவுமில்லை. வயிறு நிறைந்த பின்னும் பசி அடங்காமல் பலர் மாதக்கணக்கில் தவித்தார்கள். இதையெல்லாம் கீஸ் 1950இல் இரண்டு பெரிய தொகுதிகளாக வெளியிட்டார்.

உயரத்தோடு எடையை ஒப்பிடும் எண்ணுக்கு, நீ வாய்க்கு வாய் சொல்லும் பிஎம்ஐ என்ற பெயரை 1972இல் ஒரு கட்டுரையில் வைத்ததும் இதே கீஸ்தான். கணக்கு மட்டும் அவருக்கும் முந்தியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெல்ஜியத்தின் கெட்லே, சராசரி மனிதனின் அளவு எதுவென்று தேடியபோது போட்ட கணக்கு அது. அவர் வானியலும் புள்ளியியலும் கற்றவர், மருத்துவர் அல்லர். பெருங்கூட்டத்தை ஆராய உதவும் எண்ணுக்கு உன் எலும்பும் தெரியாது, நீ நேற்று உறங்கினாயா என்பதும் தெரியாது. இரவு வராந்தாவில் நடந்து நடந்து முடிக்கிறாயே, அந்தப் பத்தாயிரம் அடியும் 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. மான்போகெய் என்றால் பத்தாயிரம் அடி அளவி. அப்பா வழியில் எல்லோருக்கும் சர்க்கரை. நம்மவர்களுக்குக் குறைந்த எடையிலேயே அது வருகிறது என்பதும் உண்மை. நீ எச்சரிக்கையாக இருப்பதை நான் மெச்சுகிறேன். தனியாக ஊர் மாறி, வேலையில் உயர்ந்து, எங்களையும் தாங்குகிற பெண் நீ. எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டாய். அந்தக் குணம்தான் இப்போது எனக்கு அச்சமாக இருக்கிறது. காலையில் ஏதாவது சாப்பிடு.

வெள்ளையடிக்கப் பரணை ஒழித்தபோது 2009ஆம் ஆண்டின் நாட்காட்டி கிடைத்தது. அரை லிட்டர், ஒரு லிட்டர் என்று பால் கணக்கு எழுதிய கட்டங்களுக்கு நடுவே, மாதத்தின் முதல் ஞாயிறுதோறும் வட்டமிட்டு ஓர் எண். என் கையெழுத்து. ஜூலையில் சிவப்பு மையில் அடிக்கோடும் போட்டிருக்கிறேன். பால்காரர் முதல் விருந்தாளி வரை எல்லோர் கண்ணிலும் படும் சுவரில், 14 வயதுப் பெண்ணின் எடையை மாட்டி வைத்திருந்திருக்கிறேன். இதை நான் மறந்தே போயிருந்தேன். நீ மறந்திருக்க மாட்டாய்.

ஐந்து வயதில் உன் வாயைப் பிடித்துத் திணித்ததும் நான்தான். 2006இல் வெளியான ஓர் ஆய்வில், "குடித்து முடி" என்று குழந்தைகளை வற்புறுத்திய சூப்பை விட, அவர்கள் போக்கில் விட்ட சூப்பையே அவர்கள் அதிகம் குடித்தார்கள். வற்புறுத்தியதைக் குறையும் சொன்னார்கள். வகுப்பில் எத்தனையோ பிள்ளைகளுக்குச் செரிமான மண்டலத்தைப் படம் வரைந்து விளக்கியவளுக்கு வீட்டில் அந்த அறிவு வேலை செய்யவில்லை. திணித்த அதே கைதான் அத்தை வீட்டுக் கல்யாணப் பந்தியில் உன் இலையிலிருந்து ஜாங்கிரியை எடுத்தது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சாம்பார் சாதத்தோடு நீ இலையை மூடி எழுந்தாய். அன்று இரவு உன் அறைக்கு வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். நான் மொய்க் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அது பெரிய தவறு. என்னை மன்னித்துக்கொள்.

அப்பா பக்கத்தில் இருப்பதால் பேசும்போது கேட்க முடியாததை இங்கே கேட்கிறேன்: மாதவிலக்கு முறையாக வருகிறதா? சாப்பாடு போதாவிட்டால் அது நின்றுபோவதுண்டு. மயக்கம் வருகிறதா? முடி கொட்டுகிறதா? எனக்குப் பதில் எழுத வேண்டியதில்லை. ஒரு மருத்துவரிடம் உண்மையைச் சொன்னால் போதும். மினசோட்டாவில் அந்த இளைஞர்கள் விதியை மீறிச் சாப்பிட்டுவிடாமலிருக்க, வெளியே போகும்போது ஆளுக்கொரு துணை வைத்தார்கள். நீ மருத்துவரிடம் போக உன் அறைத்தோழியைத் துணைக்கு வைத்துக்கொள். நான் வந்தால்தான் நல்லது என்று தோன்றினால் சொல். அப்பாவுக்கு அண்ணி சமைத்துக் கொடுப்பாள், நான் அடுத்த வண்டியிலேயே வருகிறேன். வந்தால் உன் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார மாட்டேன் என்று சொல்ல ஆசை, முயல்கிறேன்.

எடை பார்க்கும் கருவியைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டேன். பொங்கலுக்கு எந்த வண்டி என்று எழுது, அப்பா நிலையத்துக்கு வருவார். பருப்புப் பொடி அரைத்து வைத்திருக்கிறேன். இந்த முறை உன்னைக் கேட்காமல் அனுப்பவில்லை. வேண்டுமென்றால் சொல்.

உன் அம்மா