'கு.செல்வி' என்றதும் நின்றுபோன நிரல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வில்லிவாக்கத்தில் மாலை நேரங்களில் பைத்தான் என்ற நிரல்மொழியைச் சொல்லிக்கொடுக்கிறேன். சில மாணவர்கள் தனியார் பயிற்சி மையங்களிலிருந்து ஒரு பழக்கத்தோடு வருகிறார்கள். பயன்படுத்துபவர் தட்டும் பெயரை அப்படியே 'எக்ஸெக்' கட்டளையிடம் (கொடுக்கும் எழுத்தை நிரல் வரியாகவே இயக்கிவிடும் கட்டளை இது) கொடுத்து, அந்தப் பெயரிலேயே புதிய மாறியை, அதாவது மதிப்பைச் சேமிக்கும் பெயரிட்ட இடத்தை, உருவாக்குகிறார்கள். பார்க்க வித்தை போலிருப்பதால் பிள்ளைகளுக்கு இதில் மயக்கம்.

கொளத்தூர் மாணவி ஒருத்தி தன் மாமாவின் தண்ணீர் கேன் கடைக்கு இப்படித்தான் கணக்கு நிரல் எழுதியிருந்தாள். 'செல்வி' என்று தட்டினால் ஓடியது. பைத்தான் 3 தமிழில் மாறிப் பெயர்களை ஏற்கும். மாமாவோ நோட்டில் எழுதுவதுபோல 'கு.செல்வி' என்று தட்டினார். புள்ளியைக் கண்டதும் 'கு' என்ற பெயரைத் தேடிய பைத்தான், அப்படி எதுவும் இல்லை என்று நின்றுவிட்டது. '12பி' வீட்டுக்கும் அதே கதி; மாறிப் பெயர் எண்ணில் தொடங்கக் கூடாது. இனிஷியலும் கதவு எண்ணும் இல்லாமல் சென்னையில் எந்தக் கடைக்காரர் கணக்கு வைக்கிறார்?

மாமா நல்லவர். விஷமக்காரர் ஒருவர் பெயருக்குப் பதிலாகக் கோப்பை அழிக்கும் கட்டளையைத் தட்டினால், எக்ஸெக் அதையும் மறுபேச்சில்லாமல் நிறைவேற்றும். இணையதளங்கள் எழுதப் பயன்படும் பிஎச்பி மொழியிலும் முன்பு இதேபோல 'ரெஜிஸ்டர் குளோபல்ஸ்' என்றொரு வசதி இருந்தது. இணைய முகவரியில் யார் எதைச் சேர்த்து அனுப்பினாலும் அது நிரலுக்குள் மாறியாகிவிடும். பாதுகாப்புக்கு ஆபத்து என்று 2002-இல் 4.2 பதிப்பில், நாமாக இயக்கினாலொழிய அது அணைந்தே இருக்கும்படி வைத்தார்கள், 2012-இல் 5.4 பதிப்பில் அடியோடு நீக்கினார்கள்.

இன்னொரு கேள்வியையும் மாணவர்களிடம் கேட்கிறேன். நிரல் எழுதும்போது உனக்கே தெரியாத பெயர்களை மாதக் கடைசியில் எப்படிக் கூட்டுவாய்? அதற்கும் எக்ஸெக்கைத்தான் தேடுகிறார்கள்!

தேவைப்படுவது 'கணக்கு' என்ற ஒரே டிக்‌ஷனரி. சாவி எனப்படும் பெயரைச் சொன்னால் அதற்குரிய மதிப்பை எடுத்துத் தரும் தொகுப்பு அது. பேரேட்டில் வீட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்குவதுபோல, அதில் எந்தப் பெயரையும் புள்ளியோடும் இடைவெளியோடும் சேர்க்கலாம். மொத்தம் கூட்ட ஒரே வரி போதும். ஒரே பெயரில் இருவர் இருந்தால் கைப்பேசி எண்ணைச் சாவியாக வைத்துக்கொள்ளட்டும். பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலிலேயே டிக்‌ஷனரி இருக்கிறது. கட்டணம் வாங்கும் மையங்கள் முதலில் அதை நடத்திவிட்டு, பிறகு எக்ஸெக் பக்கம் போகட்டும். தங்கள் மாணவர் பகுதியிலும் இதைப் பற்றி எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கணினிப் பயிற்சி ஆசிரியை,
வில்லிவாக்கம், சென்னை