கொத்தனார் மகன் கட்டிய வீடு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தேன். முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது.

நீ வேலைக்குப் போயிருந்த அன்று லண்டன் லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸில் ஜான் சோன் வீட்டைப் பார்த்தேன் என்று சொன்னேனே, நீ போனைப் பார்த்தபடி 'உம்' கொட்டினாய். சரி, எழுதியே சொல்கிறேன்.

1753இல் பிறந்த சோன், ஒரு கொத்தனார் மகன். இங்கிலாந்து வங்கிக்கே 45 வருஷம் கட்டடக் கலைஞராக இருந்தவர். எனக்குப் பிடித்தது 1812இல் தனக்காக அவர் இடித்துக் கட்டத் தொடங்கிய 13ஆம் எண் வீடுதான். காலைச் சாப்பாட்டு அறையில் சின்னதாக ஒரு கும்மட்டம். நாங்களாக இருந்தால் அதைச் சுற்றுச்சுவர் மேலேயே உட்கார வைத்திருப்போம். அவர் இரண்டு பக்கம் சுவரை விட்டுத் தள்ளி நிறுத்தி, அந்த இடைவெளிக்கு மேலே கண்ணாடி போட்டிருக்கிறார். எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் வெளிச்சம் சுவரில் வழிகிறது. கும்மட்டத்தில் பதித்த, முகம் பார்க்கும் உப்பிய கண்ணாடிகள் ஒவ்வொன்றிலும் குட்டியாக அந்த அறை. நாற்பது வருஷம் கொத்துக் கரண்டி பிடித்தவன், கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்த்தேன்.

படம் மாட்டிய அறை நம் வீட்டுக் கூடம் அளவுகூட இல்லை. ஆனால் 100 படத்துக்கு மேல் இருக்கிறது! சுவரே கதவு போலத் திறக்கிறது, உள்ளே இன்னொரு சுவர், அதிலும் படம். அங்கே ஹோகார்த் என்ற பழைய ஆங்கில ஓவியர் வரைந்த எட்டுப் படங்கள், அப்பன் சேர்த்த காசை மகன் அழிக்கும் கதை. சோன் குடும்பம் 1802லேயே வாங்கியது.

அவருடைய இளைய மகன் ஜார்ஜ் 1815இல் பெயர் போடாமல், அப்பாவின் கட்டடங்களைப் பத்திரிகையில் கிழித்து எழுதினான். அந்த நவம்பரிலேயே தாயார் எலைசா போய்ச் சேர்ந்தார். மகன்தான் கொன்றான் என்று சோன் முடிவு கட்டி, அந்தக் கட்டுரைகளுக்கு ஃபிரேம் போட்டு வைத்தார். 1833இல் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே வாங்கி, வீட்டை அவனுக்கு இல்லாமல் நாட்டுக்கு எழுதினார்.

பிள்ளை செய்தது தப்புதான். அதற்காக அதை ஃபிரேம் போட்டு வைப்பதா? நீ சிவில் வேண்டாம், கம்ப்யூட்டர்தான் என்றபோது நாலு மாதம் நான் உன்னோடு பேசாமல் இருந்தது அங்கே நிற்கும்போது ஞாபகம் வந்தது.

நுழைவுக் கட்டணம் கிடையாது. வெயில் அடிக்கிற நாளாகப் பார்த்துப் போ. அத்தனை படத்தோடு திறக்கிற அந்தச் சுவரின் கீல்களைப் பார்க்க விட்டுவிட்டேன். எடையை எப்படித் தாங்குகிறது என்று பார்த்து எழுது.

அன்புடன்,
அப்பா