கோரிக்கை மனு: எங்கள் பெண்கள் பள்ளிக்கு ஓர் இயற்பியல் ஆசிரியர் வேண்டும்

அனுப்புநர்:
தலைவி மற்றும் உறுப்பினர்கள்,
பள்ளி மேலாண்மைக் குழு,
அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளி.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: காலியாக உள்ள இயற்பியல் முதுகலை ஆசிரியர் பணியிடத்தை நிரப்பக் கோருதல், மாணவியர் எண்ணிக்கையைக் காரணம் காட்டி, இயற்பியல், வேதியியல், கணிதம் படிக்கும் முதல் குரூப்பை நிறுத்த வேண்டாம் எனக் கோருதல், இயற்பியல் ஆய்வகத்தைச் சீர்செய்து அதற்கு வானிலை விஞ்ஞானி அன்னா மணி பெயரைச் சூட்ட அனுமதி கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி என்ற முறையில் இந்த மனுவை எழுதுகிறேன். என் பெரிய மகள் இங்கே பிளஸ் டூ படிக்கிறாள், சின்னவள் பத்தாம் வகுப்பு. நானும் இதே பள்ளியில்தான் முதல் குரூப் எடுத்துப் படித்தேன். அதற்கு மேல் படிக்க வைக்க வீட்டில் வழியில்லை. இப்போது கணவரோடு சேர்ந்து மோட்டார் வைண்டிங் கடை நடத்துகிறேன். கிணற்று மோட்டார் காயில் எரிந்துபோய் வந்தால் பழைய கம்பியைப் பிரித்து, சுற்று எண்ணி, புதுக் கம்பி சுற்றுவது என் வேலை. பிளஸ் டூவில் படித்த பிசிக்ஸ் எதற்கு உதவியது என்று யாராவது கேட்டால் கடைக்கு வந்து பாருங்கள் என்பேன்.

எங்கள் பள்ளியில் இயற்பியல் எடுத்துவந்த ஆசிரியை இரண்டு வருடங்களுக்கு முன் பொதுமாறுதல் கலந்தாய்வில் சொந்த மாவட்டத்துக்குப் போனார். அவர் மேல் எங்களுக்கு வருத்தம் இல்லை. பல வருடம் குடும்பத்தைப் பிரிந்திருந்து பாடம் நடத்தியவர். ஆனால் அவர் போன இடம் அப்படியே காலியாகக் கிடக்கிறது. முதலில் வேதியியல் ஆசிரியையே தன் பாடத்தோடு இதையும் சேர்த்துப் பார்த்தார். அப்புறம் தற்காலிகமாக ஒரு பெண்ணைப் போட்டோம். நன்றாகவே நடத்தினார். நான்கே மாதத்தில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். கடந்த நவம்பரிலிருந்து யாரும் இல்லை.

ஆசிரியர் இல்லாத விஷயம் ஊரில் தெரியாமல் இருக்குமா? முன்பெல்லாம் முப்பது பேருக்குக் குறையாமல் சேரும் முதல் குரூப்பில் இந்த வருடம் பிளஸ் ஒன்னில் சேர்ந்தவர்கள் பதினொரு பேர். மற்றவர்கள் வணிகவியலுக்குப் போய்விட்டார்கள், கொஞ்சம் பேர் கடன் வாங்கித் தனியார் பள்ளிக்குப் போனார்கள். இப்போது என்ன பேச்சு என்றால், பதினொரு பேருக்கு எதற்கு ஒரு குரூப், ஆகஸ்ட் 1 நிலவரப்படி பணியாளர் நிர்ணயம் செய்யும்போது இந்தப் பணியிடத்தையே உபரி என்று காட்டிவிடலாம் என்கிறார்கள். ஆசிரியர் இல்லாததால் பிள்ளைகள் குறைந்தார்கள், பிள்ளைகள் குறைந்ததால் ஆசிரியர் வேண்டாம் என்றால் இது எங்கே போய் முடியும்? மனுவின் சாரமே இதுதான் அம்மா. மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

ஒரு கூட்டத்தில் பொறுப்பில் இருக்கும் ஒருவர், "பொம்பளப் பிள்ளைங்க பொதுவா பிசிக்ஸ் விரும்ப மாட்டாங்க" என்று சொன்னார். சாதாரணமாகத்தான் சொன்னார், கெட்ட எண்ணம் இல்லை. எனக்குத்தான் இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. நடத்த ஆள் வைக்காமல் விருப்பத்தை எப்படி அளந்தார்கள்?

தாங்கள் அறியாதது இல்லை என்றாலும் அன்னா மணியைப் பற்றிக் கொஞ்சம் எழுத அனுமதிக்க வேண்டும். ஆய்வகத்துக்கு ஏன் அந்தப் பெயர் என்பது அப்போதுதான் புரியும். 1918 ஆகஸ்ட் 23 அன்று கேரளத்தின் பீர்மேட்டில் பிறந்தவர். அவர் வீட்டில் பெண் பிள்ளைகளுக்கு எட்டு வயது ஆனால் வைரத்தோடு போடுவது வழக்கமாம். தோடு வேண்டாம், கலைக்களஞ்சியம் வாங்கித் தாருங்கள் என்று கேட்டவர் அவர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து 1939-இல் இயற்பியலில் ஹானர்ஸ் பட்டம் வாங்கினார். அடுத்த வருடம் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் சர் சி.வி. ராமனின் ஆய்வகத்தில் சேர்ந்தார். காதில் போட மறுத்த வைரத்தை அங்கே கருவிக்குள் வைத்துப் பார்த்தார். முப்பதுக்கும் மேற்பட்ட வைரங்களின் நிறமாலையைப் பதிவு செய்தார். ஒரு பதிவுக்கே பதினைந்து, இருபது மணி நேரம் போட்டோ பிளேட்டில் ஒளி விழ வேண்டும். இரவில் ஆய்வகத்திலேயே தங்கிய நாட்கள் உண்டு. 1942 முதல் 1945 வரை தனி ஆளாக ஐந்து ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார்.

அதையெல்லாம் சேர்த்துச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு முனைவர் பட்டத்துக்கு அனுப்பினார். எம்.எஸ்ஸி. இல்லை என்று பட்டம் தர மறுத்துவிட்டார்கள். விதி அப்படியாம். செய்த வேலையை யாரும் பார்க்கவில்லை, தாளில் ஒரு கட்டம் நிரம்பவில்லை என்பதைப் பார்த்தார்கள். பதினொரு பேர்தானே என்று எங்களிடம் சொல்லும்போது எனக்கு அந்த விதிதான் ஞாபகம் வருகிறது.

அவர் அதோடு நின்றுவிடவில்லை. லண்டன் இம்பீரியல் கல்லூரிக்குப் போய் வானிலைக் கருவிகளைப் பற்றிக் கற்றுக்கொண்டு 1948-இல் திரும்பினார். புணேயில் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். மழைமானி, வெப்பமானி போன்ற சின்னக் கருவியைக்கூட அப்போது வெளிநாட்டிலிருந்து வாங்கிய காலம். ஏறத்தாழ நூறு கருவிகளுக்கு வரைபடம் தயாரித்து, அவற்றை இங்கேயே செய்ய வழி பண்ணினார். 1963-இல் தும்பா ராக்கெட் தளத்தில் வானிலை நிலையம் அமைத்ததும் அவர்தான். துணைத் தலைமை இயக்குநராக 1976-இல் ஓய்வு பெற்றார். அதற்குப் பிறகும் சும்மா இருக்காமல் எந்த ஊரில் எவ்வளவு வெயில், எங்கே எவ்வளவு காற்று என்று அளக்கும் பணியை முன்னின்று நடத்தினார். கருவி செய்கிற கை என்பதால் எனக்கு அவர் மேல் தனிப் பிரியம். என் தொழில் அப்படி.

தப்பாக அளப்பதைவிட அளக்காமலே இருப்பது மேல் என்பது அவருடைய கொள்கை. இந்த இடத்தில்தான் எங்கள் ஆய்வகத்தின் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

போன மாதம் என் மகள் கடைக்கு ரெக்கார்டு நோட்டோடு வந்தாள். டேஞ்சன்ட் கால்வனாமீட்டர் சோதனை, காந்த ஊசி எவ்வளவு திரும்புகிறது என்று பார்த்து மின்னோட்டத்தை அளக்கும் கருவி அது. ரீடிங் எல்லாம் அச்சடித்த மாதிரி எழுதியிருந்தாள். ஊசி ஏன் 30 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் நிற்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டேன். தெரியவில்லை. இந்த எண்கள் எப்படி வந்தன என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, போன வருட அக்காவின் நோட்டைப் பார்த்து எழுதியதாகச் சொன்னாள். அந்த அக்கா யாரைப் பார்த்து எழுதினாளோ தெரியாது. நான் படித்தபோது அந்தச் சோதனைக்கு முன்னால் பக்கத்தில் இரும்பே இருக்கக் கூடாது என்று எங்கள் டீச்சர் எல்லோரையும் ஹேர்பின்னைக் கழற்றி மேஜைக் கோடியில் வைக்கச் சொல்வார். பின்னல் அவிழ்ந்து நாங்கள் நிற்க, ஊசி மெதுவாக ஆடி வடக்கே போய் நிற்கும். பூமிக்கு ஒரு காந்தம் இருக்கிறது என்பதை நான் புத்தகத்தில் படித்து நம்பவில்லை, அன்றைக்குக் கண்ணால் பார்த்து நம்பினேன்.

அதே கருவிதான் இன்னும் அலமாரியில் இருக்கிறது. அதில் இரண்டு, ஐந்து, ஐம்பது என்று மூன்று விதச் சுற்றுகள் உண்டு. மேலாண்மைக் குழுக் கூட்டத்தன்று மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், மூன்றில் ஒன்றுகூட வேலை செய்யவில்லை, எங்கோ அறுந்திருக்கிறது. கம்பி வாங்க என்ன பெரிய செலவு ஆகிவிடும்? அரைநாளில் நானே சுற்றித் தந்துவிடுவேன், கூலி வேண்டாம் என்று தலைமையாசிரியையிடம் சொன்னேன். இருப்புப் பதிவேட்டில் உள்ள அரசுப் பொருள், எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் வெளியே கொடுக்க முடியாது என்றார். அவர் சொல்வதும் சரிதான், நாளைக்குத் தணிக்கையில் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அந்த அனுமதியைத் தாங்கள் வாங்கித் தர வேண்டும். மீட்டர் பிரிட்ஜில் கம்பி இல்லை, ஸ்பெக்ட்ரோமீட்டர் இரண்டில் ஒன்றுக்கு லென்ஸ் இல்லை, சோடியம் விளக்கு எரியவில்லை. முழுப் பட்டியலை இணைத்திருக்கிறோம். ஆய்வக உதவியாளர் பணியிடமும் காலிதான்.

பிளஸ் டூ இயற்பியலில் செய்முறைக்கு 20 மதிப்பெண். அதைக் கருணையோடு போட்டுக் கொடுத்துவிடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். எங்களுக்கு வேண்டியது அந்தக் கருணை இல்லை.

கருவி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு கொல்கத்தாவின் விபா சௌத்ரியைச் சொல்லலாம். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் தேவேந்திர மோகன் போஸுடன் சேர்ந்து, மலை உச்சியில் போட்டோ பிளேட்டுகளை வைத்து, விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்தவர். மெசான் என்ற துகளின் எடையை அந்த முறையில் கணக்கிட்டார்கள். இன்னும் நல்ல தரமான பிளேட் வேண்டியிருந்தது, போரினால் கிடைக்கவில்லை. வேலை அங்கேயே நின்றது. அதே மாதிரி முறையில் நல்ல பிளேட்டுகளோடு வேலை செய்த செசில் பவலுக்கு 1950-இல் நோபல் பரிசு கிடைத்தது. விபா பின்னாளில் கோலார் தங்கச் சுரங்க ஆய்வுகளிலும் இருந்தார். இன்று அவர் பெயரில் ஒரு நட்சத்திரம் இருக்கிறது, 2019-இல் வைத்தார்கள். 1901-இலிருந்து 2025 வரை இயற்பியலுக்கு நோபல் வாங்கிய பெண்கள் ஐந்தே பேர் என்று கேள்விப்படும்போது, வாங்காதவர்கள் எத்தனை பேர் பிளேட்டுக்காகக் காத்திருந்தார்களோ என்றுதான் யோசிக்கத் தோன்றுகிறது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். சூரியனை ஆராய 2023 செப்டம்பர் 2 அன்று புறப்பட்ட ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர். அங்குள்ள அரசு மகளிர் பள்ளியில் படித்து, திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரிக்குப் போனவர். அந்த வருடம் காந்தி ஜெயந்தி அன்று அவரையும் சேர்த்து இஸ்ரோ விஞ்ஞானிகள் ஒன்பது பேருக்கு நம் அரசே தலா 25 லட்சம் ரூபாய் கொடுத்துப் பாராட்டியது. சந்தோஷம். அவர் படிக்கும் காலத்தில் அந்தப் பள்ளியில் பிசிக்ஸுக்கு ஆள் இல்லாமல் இருந்திருந்தால் மேடையில் எட்டுப் பேர்தான் நின்றிருப்பார்கள்.

பக்கத்து ஊர் இருபாலர் பள்ளியில் போய்ப் படிக்கட்டுமே என்று கேட்கலாம். ஒன்பது கிலோமீட்டர். பிள்ளைகளுக்குப் பஸ் இலவசம், அது உண்மை. ஆனால் மாலையில் 5.10 பஸ்ஸை விட்டால் அடுத்தது ஏழு மணிக்கு. ஸ்பெஷல் கிளாஸ் வைத்தால் பிள்ளைகளை அனுப்ப மாட்டார்கள், நானே யோசிப்பேன். தனியார் பள்ளிக்குப் போனால் கட்டணம் மட்டும் இல்லை இழப்பு. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குக் கல்லூரியில் மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் போய்விடும், மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் போய்விடும். பத்தாவது வரை இங்கே படித்துவிட்டு, பிசிக்ஸ் வாத்தியார் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக வெளியே போகும் பிள்ளை இரண்டையும் இழக்கிறாள். அரசு ஒரு கையால் கொடுப்பதை இன்னொரு கை தட்டிவிடுவது போல இருக்கிறது.

ஆகவே அம்மா, வரும் ஆகஸ்ட் 1 கணக்கை வைத்து முதல் குரூப்பையோ இயற்பியல் பணியிடத்தையோ எடுக்க வேண்டாம் என்று முதன்மைக் கல்வி அலுவலருக்குத் தாங்கள் அறிவுறுத்த வேண்டும். ஆசிரியரைப் போட்டு இரண்டு வருடம் பாருங்கள். அப்போதும் பிள்ளைகள் சேரவில்லை என்றால் நாங்களே வந்து பேசுகிறோம். நிரந்தர நியமனத்துக்கு நாளாகும் என்பது புரிகிறது. அதுவரை பக்கத்துப் பள்ளியிலிருந்து வாரம் மூன்று நாட்களுக்காவது ஒருவரை மாற்றுப் பணியில் அனுப்பலாம். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இனி ஒரு மாதம் போனாலும் திரும்பக் கிடைக்காது.

ஆய்வகத்துக்குப் பெயர் வைப்பதில் அரசுக்கு ஒரு பைசா செலவு இல்லை. பெயிண்ட் அடிக்க ஒரு பெற்றோர் ஒப்புக்கொண்டிருக்கிறார். அன்னா மணியின் பிறந்தநாளான ஆகஸ்ட் 23 அன்றோ, அதை ஒட்டிய வேலை நாளிலோ சின்னதாக ஒரு விழா வைக்க ஆசைப்படுகிறோம். பேச்சுப் போட்டி, மாறுவேடம் எதுவும் இல்லை. மேரி கியூரி வேடம் போட்ட பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டோம். அன்றைக்குப் பிளஸ் டூ பிள்ளைகள் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிவந்து சோதனை செய்து காட்ட வேண்டும். முதல் மேஜையில் அந்தக் கால்வனாமீட்டர்தான். தாங்கள் நேரில் வந்து பார்த்தால் மகிழ்வோம், ஹேர்பின்னை மட்டும் கழற்றி வைக்கச் சொல்வார்கள்.

கருவியைப் பழுது பார்க்கும் அனுமதி ஆகஸ்ட் 10-க்குள் கிடைத்தால் போதும், கம்பி வாங்கிக் கடையில் தயாராக வைத்திருக்கிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி
மற்றும் பெற்றோர்.

இணைப்பு: பெற்றோர் கையொப்பங்கள், பழுதான ஆய்வகக் கருவிகளின் பட்டியல், மேலாண்மைக் குழுத் தீர்மான நகல்.

நகல்: முதன்மைக் கல்வி அலுவலர் அவர்கள்.