நிஃப்டி ஆப்ஷன் பற்றி நீ கேட்டதற்கு

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. பேத்திக்குக் காதுகுத்து நல்லபடியாக முடிந்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். வர முடியாமல் போனது எனக்குப் பெரிய குறை. முழங்கால் இப்போது தேவலை, மாடிப்படி மட்டும் ஏற வேண்டாம் என்கிறார் டாக்டர். மற்றபடி கோவையில் எல்லாம் பழையபடிதான்.

கடைசிப் பக்கத்தில் நீ எழுதியிருந்ததை நாலு தடவை படித்தேன். பணிக்கொடைப் பணத்தில் வாங்கிய பங்குகளைப் புரோக்கரிடம் அடகு வைத்து, அந்த மார்ஜினில் (நஷ்டம் வந்தால் ஈடுகட்ட அவரிடம் நிற்கும் பிணை) வாரா வாரம் நிஃப்டி (ஐம்பது பெரிய கம்பெனிப் பங்குகளின் குறியீட்டெண்) ஆப்ஷன் விற்றால் மாதம் இரண்டு சதவீதம் "வாடகை மாதிரி" வரும் என்று உன் மச்சினன் சொல்கிறார், என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறாய். செய்யாதே மாப்ளே. இதைப் போனில் சொன்னால் பாதியில் பேச்சு மாறிவிடும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நத்தம் பக்கம் தோட்டம் வாங்க உங்கள் அப்பா அச்சாரம் கொடுத்தாரே, ஞாபகம் இருக்கிறதா? ஆறு மாதத்துக்குள் பேசிய விலைக்குக் கிரயம் செய்துகொள்ளலாம் என்று ஒப்பந்தம். அதற்குள் கிணறு வற்றியது. அப்பா அச்சாரத்தோடு விட்டுவிட்டார். போனது அச்சாரம் மட்டும். விலை ஏறியிருந்தால் தோட்டம் பழைய விலைக்கே அவர் கைக்கு வந்திருக்கும். கால் ஆப்ஷன் வாங்குவது அதுதான். புட் ஆப்ஷன் அதற்கு மறுபக்கம். விலை எவ்வளவு இறங்கினாலும் இன்ன விலைக்கு விற்கலாம் என்ற உரிமைக்குக் கட்டும் பணம், பயிர் இன்சூரன்ஸ் போல. இரண்டிலும் அந்தப் பணத்துக்குப் பெயர் பிரீமியம்.

உன் மச்சினன் சொல்வது இந்த உரிமையை விற்கும் வேலை. அதை நான் வாடகையோடு சேர்க்க மாட்டேன். சின்னக் கமிஷன் வாங்கிக்கொண்டு ஊரார் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுவது அது. பத்துக் கையெழுத்தில் ஒன்பது சும்மா முடிந்துவிடும், கமிஷன் கையில் நிற்கும். பத்தாவது வீட்டு வாசலுக்கு வரும்.

வந்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். 2024 ஜூன் 4, தேர்தல் முடிவு எண்ணிய நாள். நான் திருப்பூரில் அக்கா வீட்டில் இருந்தேன். கருத்துக் கணிப்புகள் சனிக்கிழமை வந்திருந்தன. ஆளும் கட்சிக்குப் பெரிய வெற்றி என்று எல்லாச் சேனலும் சொன்னதால் திங்கட்கிழமை நிஃப்டி 3 சதவீதத்துக்கு மேல் ஏறி 23,264-ல் முடிந்தது. அக்கா மகன் அன்றைக்கு 22,500 புட்டை (நிஃப்டி அதற்குக் கீழே முடிந்தால் விற்றவன் வித்தியாசத்தைக் கொடுக்க வேண்டும்), வியாழக்கிழமை எக்ஸ்பைரி, அதாவது அன்றோடு காலாவதி, பத்து லாட் விற்றிருந்தான். லாட் என்பது சேர்த்து வாங்கி விற்கும் கட்டு, அப்போது ஒரு லாட்டுக்கு 25 யூனிட். யூனிட்டுக்கு நூறு ரூபாய்க்குக் கிட்டப் பிரீமியம், ஆக 25,000 ரூபாய். "இன்னும் 750 பாயின்ட் இறங்கினால்தானே மாமா எனக்கு நஷ்டம்" என்றான்.

செவ்வாய் காலை பத்து மணி வரை இட்லியைச் சாப்பிட்டுக்கொண்டே டிவி பார்த்தான். அப்புறம் தட்டை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டான். நண்பகல் வாக்கில் நிஃப்டி 21,300-க்கும் கீழே போனது. நூறு ரூபாய்க்கு விற்ற புட் 1,200-ஐத் தாண்டி நின்றது. மார்ஜின் போதவில்லை, உடனே பணம் கட்டவும் என்று புரோக்கரிடமிருந்து மெசேஜ். யுபிஐ-யில் அனுப்பினான், அன்றைய வரம்பு முடிந்தது. அவன் மனைவி போனிலிருந்து அனுப்பினான், அதுவும் முடிந்தது. அக்கா தன் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு வந்து ஒன்றும் கேட்காமல் அவன் பக்கத்தில் நின்றாள். அடுத்த மெசேஜ் வந்தபோது புரோக்கரின் கம்ப்யூட்டரே அவன் விற்ற பத்து லாட்டையும் அன்றைய விலைக்குத் திரும்ப வாங்கிக் கணக்கை முடித்திருந்தது. பிரீமியமாக வந்தது 25,000, அதுவும் கழித்துப் போனது இரண்டே முக்கால் லட்சம். அன்று நிஃப்டி கிட்டத்தட்ட 6 சதவீதம் விழுந்து 21,884-ல் முடிந்தது.

இனிமேல்தான் நீ கவனிக்க வேண்டும். புதன்கிழமை சந்தை 3 சதவீதத்துக்கு மேல் எழுந்தது. வியாழன் எக்ஸ்பைரி அன்று 22,821-ல் முடிந்தது. அவன் விற்ற 22,500 புட்டுக்கு மதிப்பு பூஜ்யம். அதாவது அவன் கணக்கு சரி. மூன்று நாள் தாக்குப்பிடிக்கப் பணம் இருந்திருந்தால் 25,000-மும் அவனுக்குத்தான். சந்தை எந்தப் பக்கம் போகும் என்று சரியாகச் சொன்னவனும் வழியில் தீர்ந்துபோகலாம் என்பதை அன்றைக்குத்தான் நான் முழுசாகப் புரிந்துகொண்டேன். உன் கதையில் மார்ஜினாக நிற்பது உன் பங்குகள். அதனால் விற்றுப்போவதும் அவைதான், அதுவும் எல்லோரும் விற்கிற அடிமாட்டு விலைக்கு.

ஏற்ற இறக்கத்தை அளக்க இந்தியா விக்ஸ் என்று ஒன்று இருக்கிறது. ஆப்ஷன் பிரீமியங்களிலிருந்து, அடுத்த முப்பது நாளைக்குச் சந்தை எவ்வளவு ஆடும் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள் என்பதைக் கணக்கிடுகிறார்கள். வருடக் கணக்கில் சொல்லும் எண் அது. பதினாறால் வகுத்தால் ஒரு நாளைக்கு எவ்வளவு என்று சுமாராக வந்துவிடும். வருடத்தில் 252 வர்த்தக நாள், அதன் வர்க்கமூலம் பதினாறுக்குப் பக்கம், அவ்வளவுதான் சூட்சுமம். (நீ கணக்கு வாத்தியார், உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.) ஜூன் 3-ஆம் தேதி விக்ஸ் 21-ஐ ஒட்டி இருந்தது. அதாவது ஒரு நாளைக்கு ஒன்றே கால் சதவீத ஆட்டத்துக்கான விலை. வந்தது 6 சதவீதம். 2020 மார்ச் 23-ஆம் தேதி ஒரே நாளில் 13 சதவீதம் விழுந்ததே, அந்த வாரம் விக்ஸ் 80-ஐத் தாண்டியது. ஆப்ஷன் விற்பவன் வாங்குகிற கமிஷன் எல்லாம் சாதாரண நாளுக்கானது. இந்த நாட்களுக்கு அவனுக்கு யாரும் தனியாகக் கொடுப்பதில்லை.

மாதம் இரண்டு சதவீதம் நிஜமாகவே எல்லோருக்கும் கிடைத்தால், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் கணக்கு வேறு மாதிரி இருந்திருக்கும். 2022 முதல் 2024 வரை மூன்று நிதியாண்டில், ஃப்யூச்சர்ஸ் (பின்னொரு தேதிக்கு இன்ன விலை என்று இப்போதே பேசி முடிப்பது), ஆப்ஷனில் இறங்கிய தனிநபர்கள் ஒரு கோடிக்கு மேல். அவர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், தலைக்குச் சராசரி சுமார் 2 லட்சம். மூன்று வருடத்தில் மொத்தம் 1.8 லட்சம் கோடி. அந்தப் பக்கம் சம்பாதித்தது யார் என்றும் செபி சொல்லியிருக்கிறது. பெரிய வெளிநாட்டு நிறுவனங்களும், சொந்தப் பணத்தில் வர்த்தகம் செய்யும் நிறுவனங்களும்தான், அதுவும் ஏறக்குறைய முழுக்கக் கம்ப்யூட்டர் புரோகிராம் வழியாக. நீயும் நானும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு போனைத் திறப்பதற்குள் அவர்கள் வாங்கி விற்று முடித்திருப்பார்கள். அதன் பிறகு செபி லாட்டைப் பெரிதாக்கியது, ஒரு சந்தைக்கு ஒரு வாராந்தர எக்ஸ்பைரிதான் என்று குறைத்தது. எனக்கு அது நல்ல முடிவாகவே படுகிறது. அடுத்த நிதியாண்டிலும் 91 சதவீதம் பேருக்கு நஷ்டம்தான்.

சரி, அப்படியானால் நம் மாதிரி ஆளுக்கு ஆப்ஷனில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது, வாங்குகிற பக்கத்தில். உன்னிடம் பதினாறு, பதினேழு லட்சத்துக்குப் பெரிய கம்பெனிப் பங்குகள் இருப்பதாக எழுதியிருந்தாய். நிஃப்டி லாட் இப்போது 65. நிஃப்டி 25,000 என்று வைத்துக்கொண்டால் ஒரு லாட் 16 லட்சத்து 25 ஆயிரம், உன் பங்குகளுக்கு அளவெடுத்த மாதிரி. சந்தை அமைதியாக, விக்ஸ் 13-க்குப் பக்கம் இருக்கும்போது, ஒரு மாதம் தள்ளி முடியும் 24,000 புட் குத்துமதிப்பாக 100 ரூபாய்க்குக் கிடைக்கலாம். செலவு 6,500. நிஃப்டி 22,000-க்கு விழுந்தால் அந்த ஒரு லாட் 1,30,000 தரும். பங்குகளில் போனதில் பாதிக்கு மேல் அதில் திரும்பி வரும். விழாவிட்டால் 6,500 போச்சு, உங்கள் அப்பாவின் அச்சாரம் மாதிரி.

ஆனால் எல்லோரும் பயந்து விக்ஸ் 25-க்குப் போன பிறகு அதே புட்டைக் கேட்டால் 300 சொல்வான். 19,500 ரூபாய். ஜூன் 4 சந்தை முடியும் நேரத்தில் பதறிப்போய்ப் புட் வாங்கியவர்களுக்கு மறுநாள் இரண்டு அடி. சந்தையும் ஏறியது, விக்ஸும் ஒரே நாளில் நாலில் ஒரு பங்குக்கு மேல் இறங்கியது. அதனால் நான் மாதா மாதம் வாங்குவதில்லை. பட்ஜெட், தேர்தல் மாதிரி நாள் வருவதற்கு நாலைந்து வாரம் முன்னால், யாரும் அதைப் பற்றிப் பேசாத சமயத்தில், ஒரே ஒரு லாட். போன மூன்று தடவையும் அது வீணாகத்தான் போனது. எனக்கு வருத்தமில்லை. அந்த நாட்களில் ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

இன்னொன்று. தனிப் பங்கின் ஆப்ஷன் பக்கம் போகவே போகாதே. எக்ஸ்பைரியில் அது பணமாகத் தீராது, பங்காகவே கொடுக்கல் வாங்கல் செய்ய வேண்டும். ஒரு லாட்டுக்கே பல லட்சம் தேவைப்படும்.

மச்சினனிடம் முகம் கோணாமல் எப்படிச் சொல்வது என்று தயங்குகிறாய், தெரிகிறது. பழியை என் மேல் போட்டுவிடு. அவர் போன வருடக் கணக்கை முழுசாக, ஜூன் 4 மாதிரி ஒரு நாளும் சேர்த்துக் காட்டட்டும், அப்புறம் பேசலாம்.

அடுத்த மாதம் இரண்டாவது வாரம் மதுரை வருகிறேன். டீமேட் (பங்குக் கணக்கு) ஸ்டேட்மென்டை எடுத்து வை, எந்தப் பங்கும் அடகில் இல்லையே என்று சேர்ந்து பார்த்துவிடுவோம். தங்கச்சியையும் கூட உட்காரச் சொல். அது அவள் பணமும்தான். பேத்திக்கு வெள்ளிக் கொலுசு எடுத்து வைத்திருக்கிறேன், கால் அளவை மட்டும் எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்